மே விடுமுறையில் திமிங்கலம் பார்க்க மிரிஸ்ஸ போவதா, திருகோணமலை வருவதா?

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் இலங்கை செல்கிறோம். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூட்டுவலிக்கார மாமியாரும் உடன் வருகிறார். மிரிஸ்ஸவில் படகில் போய்த் திமிங்கலமும் டால்பினும் பார்க்கலாம் என்கிறார்கள். செலவுக்கு ஏற்ற அனுபவமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

தாராளமாகப் போங்கள். ஆனால் மே மாதத்தில் மிரிஸ்ஸ வேண்டாம், திருகோணமலைக்கு வாருங்கள். என் சொந்த ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. இதையே டிசம்பரில் கேட்டிருந்தால் நானே உங்களை மிரிஸ்ஸவுக்கு அனுப்பி வைத்திருப்பேன்.

இலங்கையைச் சுற்றியுள்ள கடல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடங்கியிருப்பதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும் அமைதி. தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்கும் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்கும் அதுதான் காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கிழக்குக் கரை அடங்கிவிடும். எங்கள் ஊரில் அப்போது வீசுவது கச்சான். அது நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று என்பதால், கரையை ஒட்டிய கடல் காலையில் அலையில்லாமல் கிடக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இங்கே படகுகள் போகின்றன, மே நல்ல மாதம். மிரிஸ்ஸவில் மே பிற்பாதியிலும் டிக்கெட் விற்பவர்கள் இருப்பார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் திமிங்கலத்தைப் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் வாந்திப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு பெரிய உயிர் ஏன் கரைக்கு இவ்வளவு அருகே வருகிறது என்று உங்கள் பத்து வயதுப் பிள்ளை நிச்சயம் கேட்கும். திருகோணமலையில் கடலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. துறைமுக வாயிலிலேயே தொடங்கிச் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குகிறது. மற்ற ஊர்களில் மணிக்கணக்கில் ஓடினால்தான் எட்டும் ஆழம் இங்கே கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. ஆழத்துச் சத்து மேலெழும் இடங்களில் சிற்றிறால் திரளும். நீலத் திமிங்கலத்துக்கு அதுதான் சாப்பாடு. மற்றப் பெருங்கடல்களின் நீலத் திமிங்கலங்கள் உண்பதற்குக் குளிர்கடலுக்கும் ஈனுவதற்கு வெப்பக் கடலுக்குமாக அலைகின்றன. நம் வட இந்தியப் பெருங்கடல் கூட்டம் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகிறது. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இந்தக் கூட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். 2003இல் தென் இலங்கைக் கடலில் திமிங்கலத்தின் செந்நிறக் கழிவு மிதப்பதைப் பார்த்து, இவை இங்கேயே இரை தின்கின்றன என்று அவர் ஊகித்ததுதான் தொடக்கம். வெறுமனே கடந்துபோகும் விலங்கு அவ்வளவு கழிக்காது அல்லவா? செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியது போன்ற அந்தத் திட்டு உங்கள் வள்ளத்தின் அருகே மிதந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திமிங்கலத்தைவிட அதைத்தான் அவர்கள் பள்ளியில் அதிகம் பேசுவார்கள்.

இனி, எதை எதிர்பார்க்கலாம் என்பது. விளம்பரப் படங்களில் முழுத் திமிங்கலம் வானத்தில் பாய்கிறது. அதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படிப் பாய்வது பெரும்பாலும் வேறு இனம், வேறு கடல். இங்கே முதலில் தெரிவது மூச்சு. தொலைவில் வெள்ளைத் தூண் ஒன்று எழும். நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் வரை நேராக மேலே போகும். தாழ்வாகவும் இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்தும் பீய்ச்சினால் அது ஸ்பெர்ம் திமிங்கலம். திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ் கடத்தல் என்று உங்கள் ஊர்ச் செய்தித்தாளில் அடிக்கடி வருமே, அந்த இனம்தான். மூச்சுக்குப் பிறகு முதுகு வரும். சாம்பலும் நீலமும் திட்டுத் திட்டாகக் கலந்த முதுகு நீரை விட்டு எழுந்து, நகர்ந்துகொண்டே இருக்கும். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதும் இன்னும் போய்க்கொண்டிருக்கும். கடைசியில், உடம்புக்குச் சற்றும் பொருந்தாத ஒரு குட்டித் துடுப்பு. சில மூச்சுகள் எடுத்த பிறகு முதுகை வளைத்து, பல தடவை வாலையும் தூக்கி, ஆழத்துக்குப் போய்விடும். வால் இறங்கிய இடத்தில் அலையே இல்லாத வழுவழுப்பான வட்டம் ஒன்று சிறிது நேரம் நிற்கும்.

அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காது. ஸ்பெர்ம் திமிங்கலம் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். இந்தப் பயணத்தின் தரம் முழுவதும் அந்த வெற்று நேரத்தில் உங்கள் வள்ளக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

உறவினர்கள் வரும்போதெல்லாம் நான் கூட்டிப் போகும் வள்ளக்காரர் ஒருவர், திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரையான நிலாவெளியில் இருக்கிறார். தகப்பன் காலத்திலிருந்து மீன்பிடிக் குடும்பம். வால் இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிடுவார். போனமுறை என் சித்தப்பா மகன் பொறுமையிழந்து, "அண்ணன், அந்தப் பக்கம் நாலு வள்ளம் ஓடுகிறதே, நாமும் போவோமே" என்றான். அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபடி, "தம்பி, அவர்கள் போகட்டும். எழும்பும்போது அவர்களின் சத்தத்துக்கு விலகி இந்தப் பக்கம்தான் வரும்" என்றார். அன்று அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்குப் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் சத்தம் இல்லாத கடலில் முதலில் மூச்சைக் காதால் கேட்டு, பிறகு திரும்பிப் பார்ப்பது என்பது துரத்திப் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று. காற்று நம் பக்கம் இருந்தால் மூச்சின் மீன் வாடையும் வரும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். இலங்கையில் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி படகு நூறு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். திமிங்கலம் தானாகக் கிட்ட வந்தால் அது வேறு கதை. அதன் முன்னால் குறுக்கே விடுவதும், தாய்க்கும் குட்டிக்கும் இடையில் நுழைவதும் மோசமான வேலை. "திமிங்கலத்துடன் நீந்தலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளையே விட்டுவிடுங்கள். ஒரு வள்ளம் மூச்சைக் கண்டால் கைப்பேசியில் மற்றவர்களுக்குத் தகவல் போய்விடும், கால் மணி நேரத்தில் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். அதற்கு வள்ளக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் மணலில் கிடந்ததைப் பார்த்தவன் நான். "இன்னும் கிட்டப் போ, காசு தருகிறேன்" என்று கத்துவது படகில் இருக்கும் பயணிதான். நீங்கள் முதலிலேயே "துரத்த வேண்டாம், காத்திருப்போம்" என்று சொன்னால் பாதிப் பேருக்கு அது நிம்மதி, எண்ணெயும் மிச்சம்.

இங்குள்ளவை பெரும்பாலும் சிறிய பைபர் வள்ளங்கள். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ மணலிலிருந்தே தள்ளிவிடுவார்கள்; முழங்கால் நனையாமல் ஏற முடியாது. வேகமாக ஓடும்போது முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். மூட்டுவலி, முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சரிவராது. உங்கள் மாமியாரை ஏற்றாதீர்கள்.

அவருக்கு வேறு வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். கோணேசர் கோயில் நிற்கும் மலை கடலுக்கு மேலே செங்குத்தாக எழும்பி நிற்கிறது. ஆழ்கடல் அதன் காலடிக்கே வந்துவிடுகிறது. கரையில் நின்றபடி நீலத் திமிங்கலத்தின் மூச்சைப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அவற்றில் இது ஒன்று. பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரியும் வழியாக மேலே போனால், சம்பந்தர் பாடிய தலத்தையும் தரிசிக்கலாம், இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம் நின்று கடலையும் பார்க்கலாம். காலை வேளை, தெளிந்த வானம், ஒரு தொலைநோக்கி, கொஞ்சம் பொறுமை. கிடைத்தால் மூச்சு, கிடைக்காவிட்டால் தரிசனம். என் பெரியம்மா படகில் ஏறாமலே திமிங்கலம் பார்த்தவர். அந்தப் பெருமையை இன்னும் விடவில்லை.

பிள்ளைகளுக்குத் திமிங்கலத்தைவிட டால்பின்தான் அதிகம் பிடிக்கும். இங்கே அதிகம் வருவது சுழல் டால்பின்; நீரிலிருந்து எகிறிப் பம்பரம் சுற்றும் இனம். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை சுற்றும். சில நாள் நூற்றுக்கணக்கில் வள்ளத்தைச் சூழ்ந்துகொள்ளும். இவை இரவில் ஆழத்தில் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும். கூட்டத்தின் நடுவே வள்ளத்தை விட்டுக் கலைப்பது உறங்குகிறவனைத் தட்டி எழுப்பும் வேலை. பக்கவாட்டில் ஒரே வேகத்தில் மெதுவாகப் போனால் போதும். விருப்பமிருந்தால் அவையே வந்து முகப்பில் விளையாடும். திமிங்கலம் வராத நாளும் உண்டு, மே மாதத்திலும்கூட. அதைப் பிள்ளைகளிடம் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

காலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் கடலில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். வெறும் வயிறு வேண்டாம், முட்டத் தின்பதும் வேண்டாம். ஒரு வாழைப்பழமும் இரண்டு இஞ்சி பிஸ்கட்டும் போதும். வாந்தி மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு முன்பே, பிள்ளைகளுக்கு மருத்துவரிடம் அளவு கேட்டுப் போடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பயனில்லை. வள்ளத்தின் பின்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் குமட்டும். ஆறு வயதுக்குப் பொருந்தும் அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதல் நாளே கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். "இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. பெரியவர்களின் அங்கியைச் சிறு பிள்ளைக்குக் கட்டினால் தண்ணீரில் அது மேலே வரும், பிள்ளை கீழே போகும்.

டிசம்பரில் வர நினைத்து இதைப் படிப்பவர்களுக்காக மிரிஸ்ஸ பற்றியும் இரண்டு வரி. அங்கே பெரிய இரண்டடுக்குப் படகுகள் உண்டு. ஆட்டம் குறைவு, கழிப்பறை இருக்கும், வயதானவர்களுக்கு ஓரளவு வசதி. ஆனால் கூட்டம். நான் போன படகில் மேல்தட்டுக் கைப்பிடி ஓரத்தில் இடம் பிடிக்க முண்டியடித்தவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. திமிங்கலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. 2012இல் ஒரு சரக்குக் கப்பல் தன் முகப்பில் மாட்டிய நீலத் திமிங்கலத்தின் உடலுடன் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற எல்லாரும் அப்படிச் செய்துவிடவில்லை. மிரிஸ்ஸ படகிலிருந்து பார்த்தால் திமிங்கலத்துக்குப் பின்னால் வரிசையாகக் கப்பல்கள் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்தான் அதுவும்.

செலவு எண்ணெய் விலையோடு ஏறி இறங்குவதால் நான் தொகை சொல்லப்போவதில்லை. பேசும்போது தலைக்கா, வள்ளத்துக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். நான்கு பேர் என்றால் முழு வள்ளமாகப் பேசுவது நல்லது, முன்பின் தெரியாதவரின் அவசரத்துக்கு ஓட வேண்டியதில்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவையும் சேர்த்து ஒரே பயணமாகத் தருகிறேன் என்பார்கள். அது தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு தனி, வெளிநாட்டவருக்குக் கூடுதல். காலையில் திமிங்கலம், அப்படியே தீவு என்றால் ஆறு வயதுப் பிள்ளை வாடிவிடும். மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து வீதியில் ஆறு மணி நேரம் பிடிக்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கி வவுனியா வழியாக வருவதும் உங்களுக்கு வசதியாக இருக்கலாம். இங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் காலை கடல் சரியில்லை என்றால் இரண்டாவது காலை கையில் இருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஆண்டு பௌத்தர்களின் வெசாக் பண்டிகை எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், அந்த நாள்களில் கொழும்பே நிலாவெளியில் இருக்கும். விடுதியும் கிடைக்காது, நல்ல வள்ளக்காரரும் கிடைக்கமாட்டார்.