பிறந்ததும் அழாத குழந்தைக்கும் ஒரு நிமிடம் தொப்புள்கொடியை வெட்டாமல் விட்டுவைக்கணுமா?

காத்திருக்க வேண்டாம். துடைத்துத் தூண்டியும் மூச்சு வரவில்லையென்றால், பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கில் (மாஸ்க் வைத்து, கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) காற்று போக ஆரம்பித்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் 'ஒரு நிமிடம் கழித்தே கிளாம்ப்' (கொடியைக் கவ்வி இறுக்குவது) அழுகிற குழந்தைக்கான விதி. பயிற்சியில் அதை மட்டும் அழுத்திச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்.

அதற்காக வெளியே வந்ததுமே வெட்டிவிடாதீர்கள். கொடி இருக்கும்போதே துணியால் துடைத்து முதுகைத் தேய்த்துவிடுங்கள். நிறைய குழந்தைகள் அதிலேயே வீறிட்டு அழுதுவிடும். அழுதால் சரி, நிமிடம் முடியட்டும். இல்லையென்றால் உடனே கிளாம்ப் போட்டு, வெட்டி, வார்மருக்கு (குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) கொண்டுபோங்கள். கொடியோடு வைத்தே காற்று கொடுக்கலாம்தான், ஆனால் தாயின் பக்கத்திலேயே கருவியும் பழகிய கையும் வேண்டும்.

அடுத்த பிரசவத்துக்கு முன் ஆம்பு பேக்கின் மாஸ்க்கை உள்ளங்கையில் ஒட்டி, பையை அழுத்திப் பாருங்கள். காற்று முட்டுவது கைக்குத் தெரியணும்.

அப்புறம், கொடியை உருவிவிடுவது, அதாவது அதிலுள்ள ரத்தத்தைக் குழந்தை பக்கமாகத் தள்ளுவது. கர்ப்பத்தின் 35 வாரம் தாண்டிப் பிறந்த துவண்ட குழந்தைக்கு, உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால் செய்யலாம். 28 வாரத்துக்குக் கீழே தயவுசெய்து வேண்டாம். 2019ல் வெளியான ஆய்வில் அந்தச் சின்னக் குழந்தைகளுக்கு மூளையில் கடும் ரத்தக்கசிவு கூடியதால், அவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.