சண்டை இல்லாத ஆஸ்பத்திரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். எங்கள் மருத்துவமனையில் நல்லிணக்கக் குழு ஒன்று அமைக்கப் போகிறார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர், அப்புறம் நிர்வாகத்தில் இரண்டு பேர். அதில் நானும் ஒருத்தி. ஊழியர்களுக்குள்ளும் நோயாளிகளிடமும் நல்லுறவும் சமத்துவமும் வளர என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களிடம் சண்டை என்று எதுவும் கிடையாது. சமத்துவப் பொங்கல் வைக்கிறோம். ரம்ஜானுக்கு பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு கேக் வரும். ஆனால் தூய்மைப் பணியாளர்கள் மாடிப்படிக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் அவர்களை அங்கே போகச் சொன்னதில்லை, யாரும் உள்ளே கூப்பிட்டதும் இல்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே “ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்டுவிடுகிறார்கள். இதையெல்லாம் எழுதினால் அமைதியாக இருக்கிற இடத்தில் பிரச்சினையைக் கிளப்பிவிட்டவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் சேர்ந்து இருப்பதுபோல நாமும் இருக்கவேண்டும் என்று எங்கள் கண்காணிப்பாளர் கூட்டத்தில் பேசினார். நான் என்னதான் எழுதுவது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுங்கள். மாடிப்படியைத்தான் முதலில் எழுதுங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சண்டை இல்லை என்பதை வைத்து உறவு நன்றாக இருக்கிறது என்று நாம் முடிவுகட்டக் கூடாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி வேறு சாதிக்காரர்களின் நிலத்தில் அடைபட்டிருந்தது. அந்த வீடியோ வெளியே வந்ததும் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. வீடியோ வருவதற்கு முந்தின நாள் வரை அதுவும் சண்டை இல்லாத ஊர்தான். வழி கேட்டுச் சண்டை போட வேண்டியவர்கள் கயிறு வாங்கி வந்து சமாளித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் ஆஸ்பத்திரியின் அமைதியில் எவ்வளவு பங்கு இப்படிப்பட்ட சமாளிப்பு என்று பார்ப்பதுதான் குழுவின் முதல் வேலை.

அரசு அலுவலகங்களில் ஆண்டுக்கு நான்கு முறையாவது நாம் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறோம். ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு, ஆகஸ்ட் 20 நல்லிணக்க நாள். 2021 முதல் செப்டம்பர் 17 சமூக நீதி நாள், 2022 முதல் ஏப்ரல் 14 சமத்துவ நாள். உறுதிமொழியால் என்ன பயன் என்று சலித்துக்கொள்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அலுவலகத்தின் தலைமை எல்லார் முன்னாலும் உரக்க வாசித்த வரிகள் அவை. உங்கள் கடிதத்தோடு அந்த நான்கின் நகலையும் இணையுங்கள். “நாம் வாசித்ததைச் செய்ய என்ன ஏற்பாடு?” என்று கேட்டாலே போதும், யாரும் உங்களைக் கலகக்காரி என்று சொல்ல முடியாது.

பெயர்களால் மட்டும் காரியம் ஆவதாக இருந்தால் நம் மாவட்டம் எப்போதோ மாறியிருக்க வேண்டும். 1989-ல் பழைய வடஆற்காடு பிரிந்தபோது வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்தின் பெயரை வைத்துச் சாதிக் கலவரம் வெடித்தபின் 1997-ல் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் பெயர் இருந்த காலத்திலும் எடுத்த பிறகும் அலுவலகங்களில் யார் டீ வாங்கி வருவது, யார் நிற்பது, யார் உட்காருவது என்பதெல்லாம் அப்படியேதான் இருந்தன.

கோட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூஜை நடக்கிறது, தேவாலயத்தில் ஆராதனை நடக்கிறது, மசூதியில் தொழுகை நடப்பதில்லை. மூன்று கட்டடங்கள் அருகருகே நிற்பதைக் காட்டி உறவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோட்டையில் நாம் படிக்கவேண்டியது 1806 ஜூலை 10-ல் நடந்த சிப்பாய்ப் புரட்சியை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அன்றைக்கு ஒரு பெரிய நிறுவனம். சிப்பாய்கள் நெற்றியில் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுமாதிரித் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு போட்டார்கள். ஒழுங்குக்கு நல்லது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். யாருடைய நெற்றியோ, யாருடைய தாடியோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்தவர்களுக்குக் கசையடி. அந்தப் புரட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்துவும் முஸ்லிமும் அன்று சேர்ந்து நின்றதற்கு, அந்த உத்தரவு இருவரையும் ஒருசேர அவமதித்தது ஒரு பெரிய காரணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் குழுவும் கேட்காமலே தொடங்குகிறது. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர் என்று ஆள் எடுத்தால் பள்ளிக்கூட நாடகத்துக்கு வேஷம் பிரித்த மாதிரி ஆகிவிடும். அந்த ‘ஒரு இந்து’ யார்? மாடிப்படிக்குக் கீழே சாப்பிடுகிற அம்மாவும் இந்துவாக இருக்கலாம், “எந்தத் தெரு?” என்று கேட்கிறவரும் இந்துவாக இருக்கலாம். மதத்தைக் கணக்கெடுத்ததும் சாதி கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. நிரந்தர அரசுப் பணிக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, அதனால் செவிலியர்களிலும் எழுத்தர்களிலும் பல சமூகத்தார் இருக்கிறீர்கள். தூய்மைப் பணியை ஒப்பந்த நிறுவனத்துக்கு விட்ட இடத்தில் இந்தக் கணக்கு இல்லை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடரும் அருந்ததியரும்தான். ஆக, குழுவில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இருவராவது வேண்டும், அவர்களே தேர்ந்தெடுத்த இருவர்.

மதச் சண்டையிலேயே ஊறிப்போன ஒரு நாடு இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பகையில் முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1998-ல் சமாதான ஒப்பந்தத்தை ஒட்டி வந்த சட்டத்தின் 75-ஆம் பிரிவு, மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகள் உட்பட பொது நிறுவனங்களுக்கு இரண்டு கடமைகளை வைத்தது. முதல் உட்பிரிவு சமவாய்ப்பு. இரண்டாவது, வெவ்வேறு மதத்தார், அரசியல் கருத்துடையோர், இனத்தார் இடையே நல்லுறவு. அந்த இரண்டாவது உட்பிரிவு தொடங்கும்போதே, முதல் கடமைக்குக் குந்தகம் வராமல் என்று நிபந்தனை போட்டுத்தான் தொடங்குகிறது. நல்லுறவு கெட்டுவிடும் என்று காரணம் காட்டிச் சமவாய்ப்பைத் தள்ளிப்போட முடியாது. போலீஸிலும் அப்படித்தான். கத்தோலிக்கர் 8 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். 2001 முதல் பத்து ஆண்டுகள் ஆள் எடுப்பதில் பாதிக்குப் பாதி என்று சட்டமே போட்டு ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நேற்றுவரை குண்டு வீசிக்கொண்டவர்களே விருந்தை நம்பி உட்காரவில்லை, ஏற்பாட்டை மாற்றினார்கள்.

நான் சொல்லவருவதும் இதுதான். உறவைத் தனியாக வளர்க்க முடியாது. ஏற்பாட்டைச் சமமாக்குங்கள். உறவு அதிலிருந்து வரட்டும்.

சாப்பாட்டு அறைக்கு வருகிறேன். “எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம்” என்று நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் அவர்கள் வந்துவிட மாட்டார்கள். வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் ‘சுத்தம்’ என்ற பேச்சு வரும், குப்பை அள்ளின கை என்பார்கள். ரத்தத்தையும் சீழையும் நாள் முழுக்கத் தொடுகிறவர் நீங்கள். கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடுகிறீர்கள். அதே குழாய், அதே சோப்பு, உடை மாற்ற ஓர் அறை, துணி வைக்க ஒரு அலமாரி அவர்களுக்கும் இருந்தால் அந்தப் பேச்சு அடிபட்டுப் போகும். இன்னொன்றையும் கேளுங்கள்: உங்களுக்குப் போட்ட ஹெபடைட்டிஸ்-பி ஊசி அவர்களுக்குப் போட்டாயிற்றா? மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசி, கையுறை, ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஒப்பந்த ஆள் என்றால் வேண்டாம் என்று விதியில் இல்லை. மஞ்சள் பையைக் கட்டித் தூக்குகிற கைக்கு ஊசி போடாமல் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! ஊசி போட்ட பதிவேட்டை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். அறை தயாரானபின், முதலில் அவர்கள் வந்து உட்காரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரும் நீங்களும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் உட்காருங்கள். தொடர்ந்து செய்யுங்கள்.

கூப்பிடுகிற விதமும் இதில் சேரும். இருபத்தைந்து வயதுச் செவிலியர் ஐம்பது வயது அம்மாவை “ஏய், இங்க வா” என்கிறார். அந்த அம்மா அவரை “வாங்க மேடம்” என்கிறார். எல்லாருக்கும் ‘வாங்க, போங்க’ என்று கண்காணிப்பாளரே தொடங்கினால் செலவில்லாமல் ஒரு மாதத்தில் மாறக்கூடியது இது.

டூட்டி லிஸ்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாருங்கள். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஓர் அழகான வழக்கம் உண்டு. தீபாவளி நைட்டை முஸ்லிம், கிறிஸ்தவச் செவிலியர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் நிற்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் இது தெரிந்தவர்களுக்குள் வாய்வார்த்தையாக நடக்கிறது. புதிதாக வந்தவருக்கும், கேட்கக் கூச்சப்படுகிறவருக்கும், ஒப்பந்த ஊழியருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவரும் அடுத்த பண்டிகை வரை கடன்பட்டவர்போல நடக்கிறார். பிறை பார்த்து ரம்ஜான் ஒருநாள் தள்ளிப்போனால் மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் தவிக்கிறார். இதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இரண்டு நாட்களை எழுதிக் கொடுக்கட்டும், தூய்மைப் பணியாளர்களும் காவலர்களும் உட்பட. பட்டியல் சுவரில் தொங்கட்டும்.

நோயாளிகள் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரணாம்பட்டிலிருந்து வரும் பீடி சுற்றும் அம்மாவுக்கு உருதுதான் சரளம். எல்லையோரத்திலிருந்து வருகிறவருக்குத் தெலுங்கு. எந்த ஷிப்டில் யாருக்கு எந்த மொழி தெரியும் என்று ஒரு பட்டியல் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தால் “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா” என்ற குழப்பம் தீரும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை அதட்டுகிற பழக்கம் நிற்கவேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரின் சாதி தெரிந்து யாராவது இடம் மாற்றிக் கேட்டால் மாற்றக் கூடாது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 5-ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது மட்டுமல்ல, சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதும் குற்றம். இதை வார்டு இன்சார்ஜ் ஒவ்வொருவருக்கும் அச்சடித்துக் கொடுங்கள்.

கடைசியாக, புகார். பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைதீர் அலுவலர் உண்டு, திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் அலுவலர் உண்டு. சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அது போலீஸ் வழக்கு. ஆனால் “எந்தத் தெரு?” என்ற கேள்விக்கு, தனியாக வைத்த டம்ளருக்கு, மூன்று மாதம் தொடர்ந்து போட்ட நைட் டூட்டிக்கு எங்கே போவது? பொறுத்துக்கொள்வதற்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு படியும் இல்லை. உங்கள் குழு அந்தப் படியாக இருக்கட்டும். ஒரு பதிவேடு, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், ஏழு நாளில் எழுத்தில் பதில். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் பதியவேண்டும். வழக்கு போடவேண்டிய அளவுக்கு நடந்ததைக் குழுவிலேயே பேசித் தீர்த்து அமுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இது முக்கியம்.

ஒப்பந்த ஊழியர் குழுவுக்கு வந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பார்கள், கவனமாக இருங்கள். கூட்டம் வேலை நேரமாகவே கணக்கில் வரும் என்று கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். காலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் வைத்தால் இரண்டு ஷிப்ட்காரர்களும் வரமுடியும். எல்லாருக்கும் நாற்காலி போதுமா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.