நெம்புகோலைக் கட்டிவைக்க வேண்டாம்

நண்பரே, பக்கவாட்டில் எரிவாயுக் குப்பி மாட்டும் சிறிய அடுப்பில் பெரிய தோசைக்கல்லை வைத்துச் சிறிது நேரத்தில், குப்பியைப் பூட்டும் நெம்புகோல் 'டக்'கென்று எகிறி அடுப்பு அணைந்துவிடுகிறது, கம்பியால் கட்டிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடுப்பில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

குப்பிக்குள் இருப்பது திரவமாக்கிய பியூட்டேன் எரிவாயு. 20 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் சுமார் 2 பார் (bar, அழுத்தத்தின் அலகு). 50 டிகிரியில் ஏறக்குறைய 5 பார். தோசைக்கல் பர்னரைத் தாண்டிக் குப்பி அறையின் மூடிமேல் நீண்டிருந்தால், அனல் கல்லில் பட்டு நேரே மூடிமேல் இறங்கும். குப்பி சூடேறி அழுத்தம் எல்லை மீறும்போது, நெம்புகோலுடன் இணைந்த பாதுகாப்பு அமைப்பு குப்பியை விடுவித்து எரிவாயுவை நிறுத்துகிறது. அதைக் கட்டிப்போட்டால் குப்பி வெடிக்கக்கூடும்.

மூடிமேல் நீளாத சிறிய கல்லாகப் பாருங்கள். சமைக்கும்போது குப்பி அறையின் மூடியை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணையுங்கள். குப்பி நன்றாக ஆறிய பிறகே மறுபடி மாட்டுங்கள். காற்றைத் தடுக்க அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டும் பழக்கமும் இதே ஆபத்துதான். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். அடுப்பு எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

சிறிய கல்லிலும் நெம்புகோல் எகிறினால் அந்த அடுப்பை மாற்றிவிடுங்கள்.