ஊசி போட்ட குட்டி ஏன் செத்தது?

கேள்வி: தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னர் எங்கள் நாய்க்குட்டி மூன்று மாத வயதில் இரத்தமாகக் கழிந்து, சத்தியெடுத்து, இரண்டே நாளில் செத்துவிட்டது. ஊருக்கு வந்து இலவசமாக ஊசி போட்டபோது அதற்கும் போட்டிருந்தோம். இப்போது ஏழு வாரக் குட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. "ஊசி போட்டும் செத்ததுதானே, ஏன் காசைக் கரைக்கிறாய்?" என்கிறார் அம்மா. அது சரியா ஐயா? எத்தனை ஊசி, எப்போது போட வேண்டும்? மழை தொடங்கினால் அப்பா வயலுக்குக் குட்டியையும் கூட்டிப்போவார். கூட்டிப்போகலாமா?
– வாசகி, வெல்லாவெளி

பதில்: தங்கச்சி, அம்மாவின் கோபம் நியாயமானது. ஆனால் பிழை அந்த ஊசியில் இல்லை. ஊருக்கு வந்து இலவசமாகப் போடுவது விசர் நோய்க்கான (ரேபிஸ்) ஊசி. அது விசரை மட்டும்தான் தடுக்கும். உங்கள் குட்டியை நான் பார்க்கவில்லை, என்றாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதைக் கொண்டுபோனது பெரும்பாலும் பார்வோ என்ற வைரஸ். அதற்கு வேறு ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு கொடிய வைரஸ் நோய், ஈரலைத் தாக்கும் அடினோ வைரஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஊசியாக வருகிறது. பெரும்பாலும் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் அதோடு சேர்ந்திருக்கும். இதை மிருக வைத்தியரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு ஊசியையும் ஒன்றென்று நினைத்துக் குட்டிகளை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கூட்டு ஊசியை ஒரு தடவை போட்டாலும் போதாது. அதற்குக் காரணம் தாய்ப்பால். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் நோயெதிர்ப்பும் குட்டிக்குள் போகிறது. அது சில வாரங்கள் குட்டியைக் காக்கும். ஆனால் அந்தக் காவலுக்கு நோய்க்கிருமி எது, ஊசி மருந்து எது என்று தெரியாது. வருகிற ஊசியையும் அடித்து விரட்டிவிடும். இந்தக் காவல் ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினாறு வாரம் வரை நிற்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். போதாக்குறைக்கு, காவல் குறைந்துகொண்டு வரும்போது ஒரு கெட்ட காலம் இருக்கிறது: ஊசியை விரட்ட அந்தப் பலம் போதும், உண்மையான வைரஸைத் தடுக்கப் போதாது. குட்டிகள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். அதில் பதினாறு வாரம் முடிந்து போடும் ஊசியை மட்டும் தவறவிடவே கூடாது.

உங்கள் வளவில் ஏற்கெனவே ஒரு குட்டி செத்திருப்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். ஏழு, பத்து, பதின்மூன்று, பதினாறு வார வயதில் என்று மூன்று வார இடைவெளியில் நான்கு ஊசி. அவ்வளவு செலவு முடியாதென்றால் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று மூன்று. கையில் ஒரே ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் (இப்படிக் கேட்பவர்கள் உண்டு, கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை) பதினாறு வாரத்துக்குப் பிறகு போடுங்கள், அதுவரை குட்டியை வெளியே விடாதீர்கள். பிறகு ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ இன்னொன்று. அதற்குப் பின் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். எலிக்காய்ச்சலுக்கும் விசருக்கும் வருடா வருடம்.

விசர் ஊசியை மூன்று மாதத்தில் போடுங்கள். அதற்கு முன்னரே ஊருக்கு வந்தால் அதையும் தவறவிட வேண்டாம், மூன்று மாதத்தில் திரும்பப் போட்டால் சரி. ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் வெளிப்பட்ட பிறகு மருந்தே இல்லை.

அப்புறம் அந்த வளவு. பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் பல மாதம், சில வேளை ஒரு வருடம்கூட இருக்கும். பழைய குட்டியின் சட்டி, சாக்கு எதையும் புதுக்குட்டிக்குக் கொடுக்காதீர்கள், எரித்துவிடுங்கள். சீமெந்துத் தரையை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பினைலை இதற்கு நம்ப வேண்டாம். மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஊசிகள் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயோ விறாந்தையிலோ வைத்திருங்கள். அந்தக் குட்டி கழிந்துகொண்டு கிடந்த மூலைப் பக்கம் போகவே விடாதீர்கள்.

ஊசி மருந்தை நீங்களாக வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டாம். அது 2 முதல் 8 பாகை குளிரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் ஒரு மணித்தியாலம் மடியில் வைத்திருந்த மருந்தைப் போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றுதான். குட்டியைத்தான் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருந்தால் நல்லது. காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் சுகமாகும்வரை பொறுங்கள். போட்ட பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். அன்றைக்கு ஒரு நாள் குட்டி சோர்ந்து படுத்தால் பயப்பட வேண்டாம். முகம் வீங்கினாலோ திரும்பத் திரும்பச் சத்தியெடுத்தாலோ உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

வயலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்போக மழையோடு எலியின் மூத்திரம் வரம்பிலும் வாய்க்காலிலும் கலக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அப்பாவுக்கும் வரும். நோய் பிடித்த நாயின் மூத்திரத்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும். எலிக்காய்ச்சலுக்கு முதல் வருடத்தில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. உங்கள் வைத்தியர் போடும் கூட்டு ஊசியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பதினாறாம் வார ஊசி போட்டு இரண்டு வாரம் கழியட்டும், அதற்குப் பிறகு குட்டி அப்பாவோடு போகலாம். அந்த ஊசி எலிக்காய்ச்சல் கிருமியின் எல்லா வகையையும் தடுக்காது. ஆகவே வாடியில் ஒரு சட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைத்து, வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க விடாமல் பழக்கச் சொல்லுங்கள். அப்பாவின் காலில் வெடிப்போ காயமோ இருந்தால் அவரும் மூடிக் கட்டிக்கொண்டுதான் சேற்றில் இறங்க வேண்டும்.