கெண்டைக்காலை விசாரித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவின் தென்பகுதி நகரம் ஒன்றில் இருக்கிறோம். இங்குள்ள எம்எல்எஸ் (அமெரிக்காவின் பெரிய கால்பந்து லீக்) கிளப் 35 வயது ஐரோப்பிய முன்கள வீரர் ஒருவரை எடுக்கப்போவதாகப் பேச்சு. கடந்த இரண்டு சீசனில் பாதி ஆட்டங்களில் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தவர். என் பையனுக்கு அவர் என்றால் உயிர். விலை ஏறுவதற்குள் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமா, பொறுக்கலாமா? எங்கள் மைதானத்தில் இருப்பது செயற்கைப் புல்.

பதில்: உங்கள் கடிதத்தில் வயது, காயம் எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. செயற்கைப் புல் உண்மையிலேயே காயத்தை அதிகரிக்கிறதா என்ற சண்டை மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் வயதான நட்சத்திரங்கள் அதிகரிக்கிறது என்று நம்புகிறார்கள். டிக்கெட் வாங்குகிறவருக்கு அந்த நம்பிக்கையே போதும். நியூயார்க் ரெட் புல்ஸில் ஆடிய தியரி ஹென்றி, குதிகால் நாணைக் காப்பாற்றிக்கொள்ள, செயற்கைப் புல் ஆட்டங்களைப் பலமுறை தவிர்த்தார். 2018 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் எல்ஏ கேலக்ஸி, தன் ஸ்வீடன் நட்சத்திரம் இப்ராஹிமோவிச்சை செயற்கைப் புல் உள்ள சியாட்டிலுக்குக் கூட்டிப் போகவே இல்லை. 5-0 என்று தோற்றுத் திரும்பியது. 2024 மே மாதம் இன்டர் மயாமி, அதே போலச் செயற்கைப் புல் உள்ள வான்கூவருக்கு வந்தபோது மெஸ்ஸி, சுவாரெஸ், புஸ்கெட்ஸ் மூவருமே விமானம் ஏறவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்த அந்த ஆட்டத்தில் வான்கூவர் கிளப் கொடுத்த ஆறுதல், சாப்பாட்டிலும் பானங்களிலும் பாதி விலைத் தள்ளுபடி!

இவை எல்லாம் வெளியூர் ஆட்டங்கள். உங்கள் கிளப்புக்கோ சொந்த மைதானமே அப்படி. 34 லீக் ஆட்டங்களில் 17 உங்கள் ஊரில் நடக்கும். அந்தப் பதினேழிலும் அவர் இறங்குவார் என்று நானாக இருந்தால் பந்தயம் கட்டமாட்டேன்.

சரி, காயத்துக்கு வருவோம். "காயத்தால் பாதி சீசன் போச்சு" என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம் என்று பாருங்கள். எலும்பு முறிந்தால் கூடிவிடும். முழங்கால் சவ்வு கிழிந்தால் பெரிய அறுவை சிகிச்சை, பல மாதம் ஓய்வு. ஆனால் சரியாகத் தேறினால் மறுபடி ஓடலாம். கெண்டைக்கால் தசையும் பின்தொடைத் தசையும்தான் வயதான காலில் வில்லங்கம். ஒருமுறை கிழிந்த தசை அதே இடத்தில் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். வயதும் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரே கிளப்பில், ஒரே சீசனில் கிடைத்த பாடம் 2015இன் நியூயார்க் சிட்டி. டேவிட் வியா, ஃபிராங்க் லாம்பார்ட், ஆந்திரேயா பிர்லோ என்று மூன்று பெரிய தலைகள். வியாவுக்கு 33 வயது. 2011 டிசம்பரில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, 2012 யூரோ கோப்பையையே தவறவிட்டவர். எலும்புதானே, கூடிவிட்டது. மார்ச்சில் சீசனின் முதல் நாளிலிருந்தே அணியோடு இருந்தார். 18 கோல் அடித்தார். அடுத்த வருடம் 23 கோல், லீகின் மிகச்சிறந்த வீரர் விருது. லாம்பார்டோ ஐரோப்பிய சீசனை முடித்துவிட்டு, 37 வயதில், ஜூலையில் வந்து இறங்கினார். வந்ததும் கெண்டைக்கால். 2015இல் பத்தே ஆட்டம், மூன்று கோல். 2016 தொடக்கத்திலும் அதே கெண்டைக்கால்தான். சொந்த ரசிகர்களே கேலி செய்தார்கள். கடைசியில் உடம்பு ஒத்துழைத்தபோது 19 ஆட்டத்தில் 12 கோல் அடித்துக் காட்டினார். திறமை எங்கும் போகவில்லை, கால்தான் வரவில்லை. பிர்லோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாஸ் கொடுக்கும்போது இன்னும் அழகுதான், திரும்பி ஓடி வரவேண்டிய நேரத்தில்தான் ஆளைக் காணோம்.

சவ்வுக்கு உதாரணம் இப்ராஹிமோவிச்தான். 2017 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக ஆடும்போது முழங்கால் போனது. அடுத்த மார்ச் கடைசியில், 36 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் வந்து இறங்கி இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. மாற்று வீரராக உள்ளே வந்தார், 40 கஜத் தூரத்திலிருந்து அடித்துக் கோல் போட்டார், அப்புறம் தலையால் இன்னொன்று. இரண்டு சீசனில் லீகில் மட்டும் 52 கோல். ஆகவே முழங்கால் என்றதும் பயந்துவிடாதீர்கள். "தசைப் பிரச்சினை" என்ற சின்ன செய்தி மூன்று முறை வந்திருந்தால் பயப்படுங்கள்.

எப்போது வருகிறார் என்பதும் முக்கியம். இந்த லீக் பிப்ரவரி கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை ஓடுகிறது. ஐரோப்பாவில் மே, ஜூன் வரை ஆடி முடித்தவர் ஓய்வே எடுக்காமல் ஜூலைப் புழுக்கத்துக்குள் வந்து விழுகிறார். 2007இல் எல்ஏ கேலக்ஸிக்கு வந்த பெக்கம் கதை இதுதான். ஜூன் மாதம் இங்கிலாந்துக்காக எஸ்டோனியாவுடன் ஆடும்போது கணுக்கால் பிசகியது. அந்த வீக்கத்தோடுதான் ஜூலை 21 அன்று செல்சீக்கு எதிரான காட்சி ஆட்டத்தில் கடைசி சில நிமிடம் வந்து போனார். அப்புறம் ஆகஸ்டைப் பாருங்கள். 18ஆம் தேதி நியூ ஜெர்சியில் செயற்கைப் புல்லில், 66,000 பேர் முன்னால், முழு ஆட்டம். 22ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து ஆட்டம். விமானம் பிடித்துத் திரும்பி, 23ஆம் தேதி கலிஃபோர்னியாவில் மறுபடி ஆட்டம். 29ஆம் தேதி முழங்கால் போனது. மாட்டைக்கூட யாரும் இப்படி ஓட்டமாட்டார்கள். அந்த வருடம் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே ஐந்து. 2027 நடுவிலிருந்து லீக் தன் அட்டவணையை ஐரோப்பா போல மாற்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறையும்.

கிளப் சரியாகத்தான் யோசிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சம்பளத் தொகையைப் பார்க்காதீர்கள். அது முதலாளி பணம். எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பள உச்சவரம்பைத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்க, பெக்கமுக்காக 2007இல் வந்த 'டெசிக்னேட்டட் பிளேயர்' விதி இடம் தருகிறது. ஆனால் ஒரு கிளப்புக்கு அதிகபட்சம் மூன்று இடம். அதில் ஒன்றில் உட்காருகிறவர் படுத்துவிட்டால் அணியே நொண்டும். டொரொன்டோ எஃப்சி 2022இல் இத்தாலிய வீரர் இன்சின்யேவுக்கு அப்படி ஓர் இடத்தையும் லீகிலேயே மிகப் பெரிய சம்பளங்களில் ஒன்றையும் கொடுத்தது. கெண்டைக்கால் காயத்தோடு வந்தார். எதிர்பார்த்தது நடக்கவே இல்லை, ஒப்பந்தம் முடியுமுன்பே 2025இல் கணக்கைத் தீர்த்து அனுப்பினார்கள். வந்தபோது அவருக்கு வெறும் 31 வயது. அதே 2022இல் லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு கிளப்பான எல்ஏஎஃப்சி, காயத்துக்குப் பேர்போன வேல்ஸ் வீரர் காரெத் பேலை அந்த மூன்று இடத்தைத் தொடாமல், குறைந்த சம்பளத்தில் எடுத்தது. லீக் ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து இறங்கியது இரண்டே முறை. ஆனால் இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத்தில், 128ஆவது நிமிடத்தில், தலையால் முட்டி கோலைச் சமன் செய்து அணியைக் காப்பாற்றினார், பெனால்டியில் கோப்பையும் வந்தது. இதை நான் நல்ல ஒப்பந்தம் என்பேன். அவருக்காகவே சீசன் டிக்கெட் எடுத்தவர் என்ன சொல்வாரோ!

இனி உங்கள் பணம். அறிவிப்பு வந்த வாரத்தில் வாங்காதீர்கள்; விலை அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். கடந்த இரண்டு சீசனில் அவர் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார் என்று எடுத்துப் பாருங்கள். அதிலும் கடைசி நான்கு மாதக் கணக்கு முக்கியம். ஆட்டம் ஆடாமல் நல்லபடியாகத் தேறிவருகிறார் என்ற செய்திக்கு மதிப்பு கிடையாது. மூவருக்கும் முழு சீசன் டிக்கெட்டுக்குப் பதிலாக, உங்கள் கிளப்பில் பாதி சீசன் திட்டமோ சில ஆட்டங்களின் தொகுப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். வீரர் ஆடாவிட்டால் பணம் திரும்பாது. 2023 அக்டோபரில் மெஸ்ஸிக்காக சிகாகோவில் 62,000 பேர் வந்தார்கள், அவர் வரவில்லை. கிளப் கொடுத்தது அடுத்த சீசன் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் சலுகைதான், அதுவும் அவர்களாக மனமிறங்கிக் கொடுத்தது.

பையனுக்கு அவரைக் கட்டாயம் காட்டவேண்டும் என்றால், காரில் போகும் தூரத்தில் நிஜப் புல்தரை உள்ள வெளியூர் மைதானம் எது என்று பார்த்து, வாரம் ஒரே ஆட்டம் உள்ள வாரத்தில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு முன் லீகே யார் யார் காயம், யார் சந்தேகம் என்ற பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மறுவிற்பனையில் மூன்று டிக்கெட் எடுங்கள். ஒரு டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். பரவாயில்லை, பதினேழு ஆட்டத்துக்கு மூன்று பேருக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ குறைவு.