ஜாம், பட்டர் இல்லாம டோஸ்ட் மேல வைக்க சட்டுனு காய்கறியில என்ன செய்யலாம்?

நம்ம ராம்நாடு பக்கம் கொல்லையில நிக்கிற முருங்கைக்கீரையே போதுங்க. கடாயில ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ரெண்டு முண்டு மிளகாயக் கிள்ளிப் போட்டு (2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊரு மிளகாதான், பிள்ளைகளுக்குன்னா விதைய உதறிருங்க) அது கருகுறதுக்குள்ள சின்ன வெங்காயம், அப்புறம் துருவுன கேரட், ரெண்டு தக்காளின்னு வதக்கிட்டே வாங்க, தக்காளித் தண்ணி சுண்டி ஓரத்துல எண்ணெய் பிரியணும், அதான் முக்கியம், ஈரம் இருந்தா டோஸ்ட் சொதசொதன்னு ஆயிரும். கடைசியா ஒரு கைப்பிடி கீரை, ரெண்டே நிமிஷம், மூடாதீங்க, பச்சை நிறம் போயிரும். உப்பு கம்மியா போடுங்க, பிரெட்லயே இருக்கு. இறக்கிட்டு எலுமிச்சை பிழிங்க, கீரையில உள்ள இரும்புச்சத்து உடம்புல சேர அந்த வைட்டமின் சி உதவும். பிரெட்ட தோசைக்கல்லுல மொறுமொறுன்னு சுட்டு, சாப்பிடுற நேரத்துல மட்டும் மேல வைங்க.