ஹார்வர்டுக்கு 40 கோடி டாலர் கொடுத்தவரை ஏன் கண்டித்தார்கள்?

நல்ல காரியத்துக்குக் கொடுத்தவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள். 2015-இல் அமெரிக்க முதலீட்டாளர் ஜான் பால்சன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளிக்கு 40 கோடி டாலர் அறிவித்தார். பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஹார்வர்டிடம் அப்போதே 3,500 கோடி டாலருக்கு மேல் நிதி இருந்தது. கடலில் பெய்த மழைதான்!

கோபத்துக்கு ஆழமான காரணம் வரிச்சலுகை. அமெரிக்காவில் இத்தகைய நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. அதனால் அரசு இழக்கும் வருவாயை மற்ற வரிசெலுத்துவோர்தான் ஈடுகட்ட வேண்டும். அவர்களின் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பதோ பணத்துக்குத் திணறும் அரசுக் கல்லூரிகளில்.

ஆராய்ச்சியால் எல்லோருக்கும் பயன் என்பது உண்மையே. ஆனாலும் 2018-இல் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த 180 கோடி டாலரை நான் கூடுதலாக மதிக்கிறேன்: அது வசதி குறைந்த மாணவர்களின் படிப்புச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டது.